கொங்கு மலைகளில் கேரவன் பயணம்: முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

கொங்கு நாட்டைச் சுற்றிலும் மலைதான். மேற்கே ஆனைமலையும் நீலகிரியும், வடக்கே தாளவாடியும் பர்கூரும், கிழக்கே சேர்வராயனும் கொல்லிமலையும். கோவையிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு ஏதாவது ஒரு மலைமேல் இருக்கலாம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, இந்த மலைகளைக் குடும்பத்தோடு சுற்றிவர ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பலரும் முதலில் நினைப்பது, "வண்டியிலேயே படுக்கை இருக்கிறதே, எங்கே இருட்டுகிறதோ அங்கே ஓரங்கட்டிப் படுத்துக்கொள்ளலாம்" என்பதுதான். நம் மலைகளில் அது நடக்காது. ஏறும் பாதைகளில் பெரும்பாலானவை காப்புக்காட்டு வழியாகவோ புலிகள் காப்பகம் வழியாகவோ போகின்றன. அங்கே இரவில் வண்டியை நிறுத்தித் தங்குவது வனச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், யானையும் சிறுத்தையும் நடமாடும் நேரம் அது. பல பாதைகளை இரவில் மூடியே விடுகிறார்கள். எனவே கேரவன் பயணத்தைத் திட்டமிடும்போது எந்த இடத்தைப் பார்ப்பது, எந்தப் பாதையில் போவது என்பதெல்லாம் அப்புறம். ஒவ்வொரு இரவும் வண்டி எங்கே நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மீதித் திட்டம் தானாக அமைந்துவிடும்.

ஒன்று: இரவுகளைப் பிடியுங்கள்

ஒரு தாளை எடுத்து நாள்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே இரவு நிற்கப்போகும் இடம், அங்கே பேசிய ஆளின் பெயர், போன் நம்பர். மூன்றும் எழுதி முடிக்காத நாளுக்கு வேறு எந்த வேலையும் பார்க்காதீர்கள்.

வண்டி நிறுத்த நல்ல இடம் மலையடிவாரத்துத் தோட்டங்கள். ஆனைமலை, ஆழியார், கோட்டூர் பக்கம் தென்னந்தோப்புக்குக் குறைவே இல்லை. தங்கும் அறைகளோடு பண்ணை வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அறை வேண்டாம், வண்டி நிறுத்த இடமும் தண்ணீரும் ஒரு பிளக் பாயின்ட்டும் போதும் என்று போனில் தெளிவாகச் சொல்லிக் கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள். கொங்குத் தோட்டக்காரர்கள் உபசரிப்பில் குறை வைக்க மாட்டார்கள். ஆனால் நேராகக் கேள்வி கேட்பார்கள். "எத்தன பேருங்க வர்றீங்க? பொம்பளைங்க, கொழந்தைங்க இருக்காங்ளா? தண்ணி கிண்ணி போடற ஆளுங்களுங்களா?" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். அவர்கள் வீடும் அங்கேதான் இருக்கிறது. மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டியதையும் கேளுங்கள்: கேட் எத்தனை அடி அகலம், உள்ளே வரும் தடத்தில் தாழ்வாக ஒயர் தொங்குகிறதா, மழை பெய்தால் மண் இறுகி நிற்குமா, வண்டி திரும்ப இடம் இருக்கிறதா.

தோப்புக்குள் நிறுத்தும்போது மூன்று விஷயங்கள் முக்கியம். தென்னை மரத்துக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள். ஒரு தேங்காயோ காய்ந்த மட்டையோ விழுந்தால் கூரையில் இருக்கும் சோலார் தகடு போய்விடும், கண்ணாடி போய்விடும். கொப்பரை காயவைக்கும் சிமென்ட் களம் இருந்தால் அதுதான் சிறந்த இடம். சமதளம், சேறு ஆகாது, மேலே மரம் இல்லை. களத்தில் காய் கிடக்கும் பருவமா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, வரப்போரம் ஓடும் சொட்டுநீர்க் குழாய். இருட்டில் அதன்மேல் டயரை ஏற்றினால் தோட்டக்காரருக்கு மறுநாள் முழுக்க வேலை. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். மூன்றாவது கரண்ட். மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அது விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பு. வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் மின்வாரியம் அபராதம் போடும், அதைக் கட்ட வேண்டியவர் உங்களுக்கு இடம் கொடுத்த அந்த மனிதர். வீட்டு இணைப்பில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கைக் கேளுங்கள், அதற்கான காசையும் சேர்த்துக் கொடுங்கள்.

மலைமேல் தங்குவதானால் வால்பாறை, கோத்தகிரி, ஏற்காடு மாதிரி ஊர்களில் இருக்கும் தங்கும் விடுதிகளின் சுற்றுச்சுவருக்குள் மட்டும் நிறுத்துங்கள். ஓர் அறையையும் சேர்த்து எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. குளியலுக்கு வெந்நீர் கிடைக்கும், டிரைவர் இருந்தால் அவர் நிம்மதியாகப் படுக்க இடம் கிடைக்கும். தேயிலைத் தோட்டச் சாலைகள் தனியாருடையவை. காட்சி நன்றாக இருக்கிறது என்று அங்கே போய் நிறுத்தக் கூடாது.

இரண்டு: காலத்தைப் பாருங்கள்

பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு பிப்ரவரி கடைசி வரை பயணத்துக்கு மிக நல்ல காலம். பனி இருக்கும், மழை இருக்காது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் அளவுக்குக் குளிரும். அதற்குத் தகுந்த கம்பளி எடுத்துக்கொண்டால் போதும்.

ஏப்ரல், மே மாதங்களில் கீழே வெயில், மேலே கூட்டம். வண்டிக்குள் ஏசி இல்லாமல் பொள்ளாச்சியில்கூடத் தூங்க முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறைக்கு அருகே உள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. நீலகிரி அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் பெரிய வண்டியோடு மலைமேல் இருக்கக் கூடாது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. அப்போது மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையில் மண் சரிவது அடிக்கடி நடக்கும். செப்டம்பரில் இரண்டு மழைக்கும் நடுவே ஓர் இடைவெளி கிடைப்பதுண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நாள்காட்டியில் அமாவாசையையும் பாருங்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கும் பண்ணாரி அம்மன் கோயிலுக்கும் அமாவாசை அன்று திரளும் கூட்டத்தில் கேரவன் வண்டியை நுழைப்பது பெரும்பாடு. பங்குனியில் பண்ணாரி குண்டம், அதாவது தீமிதித் திருவிழா, நடக்கும் சமயம் சத்தியமங்கலம் பக்கமே வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். குண்டம் பார்க்க ஆசை என்றால் பஸ்ஸில் போய் வாருங்கள், அதுதான் உத்தமம்.

மூன்று: வண்டியைத் தேர்ந்தெடுங்கள்

பஸ் சேஸிஸில் கட்டிய பெரிய கேரவனும் கிடைக்கிறது. உள்ளே பார்த்தால் வீடு மாதிரியே இருக்கும். அது நான்குவழிச் சாலைக்குத்தான் சரி. கொண்டை ஊசி வளைவுக்கு டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டிய வண்டி போதும். அதிலும் நீளம் குறைந்ததை, சுமார் 6 மீட்டருக்குள் இருப்பதை எடுங்கள். நான்கு பேருக்கு அது தாராளம். 7 மீட்டர் வண்டியை எடுத்தால், வளைவுக்கு வளைவு எதிரே வரும் அரசு பஸ்ஸோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது பகலில் போங்கள். முதலில் நம்பர் பிளேட். வாடகைக்கு விடும் வண்டியின் பிளேட் மஞ்சளில் கறுப்பு எழுத்தாகவோ, நீங்களே ஓட்டும் வாடகை வண்டியானால் கறுப்பில் மஞ்சள் எழுத்தாகவோ இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் சொந்த வண்டியை வாடகைக்குக் கொடுத்தால், ஏதாவது ஆனபிறகு இன்ஷூரன்ஸ் கை கொடுக்காது. ஆர்சி (பதிவுச் சான்று), எஃப்சி (தகுதிச் சான்று), பர்மிட், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஐந்தையும் வாங்கித் தேதியைப் படியுங்கள். உட்புறத்தை மாற்றிக் கட்டியது ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். தாளவாடி வழியாகக் கர்நாடகாவுக்கோ, மளுக்கப்பாறை வழியாகக் கேரளாவுக்கோ இறங்கும் எண்ணம் இருந்தால் அந்த மாநிலங்களுக்குப் பர்மிட் உண்டா, வரியை யார் கட்டுவது என்பதை இப்போதே பேசிவிடுங்கள். நீங்களே ஓட்டுவதானால் இலகுரக வாகன உரிமம் 7,500 கிலோ வரைக்கும் செல்லும். டெம்போ டிராவலர் அந்த எடைக்குள்தான் வரும்.

அடுத்து டயர், பிரேக், ஹேண்ட் பிரேக். சாய்வான இடத்தில் நிறுத்தச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டு, வண்டி நகர்கிறதா என்று பாருங்கள். ஒரு அங்குலம் நகர்ந்தாலும் அந்த வண்டி மலைக்கு வேண்டாம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

வண்டியின் மொத்த உயரத்தை, மேலே இருக்கும் ஏசி, சோலார் தகடு எல்லாம் சேர்த்து, டேப் வைத்து அளந்து, ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டுங்கள். ரயில் பாதைக்குக் கீழே போகும் சுரங்கப்பாலங்களின் முன்னால் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் வைத்திருப்பார்கள். அதில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்ததும் முடிவெடுக்க இந்தச் சீட்டு உதவும்.

வாடகையில் ஒளிந்திருப்பவை தனி. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் சேர்த்தி, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, டீசல் யாருடையது, டிரைவர் பேட்டா எவ்வளவு, ஹில்ஸ் சார்ஜ் தனியா, டெபாசிட் எப்போது திரும்பும், வழியில் வண்டி நின்றுவிட்டால் யார் வந்து பார்ப்பார்கள்? எல்லாவற்றையும் எழுத்தில், குறைந்தபட்சம் வாட்ஸ்அப்பிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்கும்போது வண்டியைச் சுற்றி வந்து ஒரு வீடியோ. கீறல், நசுங்கல், உள்ளே உடைந்த தாழ்ப்பாள் வரை ஒன்றையும் விட வேண்டாம்.

முதல் பயணத்துக்கு மலை பழகிய டிரைவரோடு போங்கள் என்பேன். ஆனால் அவர் தூங்குவதற்கு இடம் உங்கள் பொறுப்பு. நாள் முழுக்க வளைவுகளில் ஓட்டிய மனிதரை முன்சீட்டில் சுருண்டு படுக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் அதிகாலையில் மலை இறக்குவது அவருக்கும் கெடுதல், உங்களுக்கும் கெடுதல். அறை வாடகையைக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

நான்கு: அனுமதியும் நேரமும்

நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். வால்பாறைக்கும் 2025 நவம்பரிலிருந்து வந்துவிட்டது. ஆன்லைனில் வண்டி நம்பர், ஆட்கள் எண்ணிக்கை, தங்கும் இடம் கொடுத்தால் கிடைத்துவிடும். கோடைக்காலத்தில் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று வரம்பு இருக்கிறது. எனவே கிளம்புகிற அன்று காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பாஸில் தங்கும் இடத்தைக் கேட்பதும், நான் முதலில் சொன்ன இரவுப் பட்டியல் ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம்.

மைசூர் போகும் திம்பம் பாதை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. 2022 பிப்ரவரியிலிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி அங்கே வணிக வாகனங்களுக்கு மாலை 6 முதல் காலை 6 வரையும், கார் மாதிரி இலகுரக வாகனங்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரையும் தடை. வாடகைக் கேரவன் எந்தக் கணக்கில் சேரும் என்று பண்ணாரி சோதனைச் சாவடியில் நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டாம். மாலை 4 மணிக்குள் தாண்டிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுமலை வழியாக மைசூர் போகும் பாதையும் இரவு 9 மணிக்கு மூடப்படும். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடி இறங்கும் காட்டுப் பாதையிலும் பகலில் மட்டும்தான் விடுவார்கள்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், மிகச் செங்குத்தான இறக்கம். வெளியூர் வண்டிகள் இறங்கக் கட்டுப்பாடு இருக்கிறது. கூகுள் மேப் அந்த வழியைக் காட்டினாலும் போகாதீர்கள். கூடலூரில் 2024 ஜனவரியில் மேப் சொன்னபடி போன ஒரு கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது செய்திகளில் வந்தது. மலையில் மேப்பைத் தூரம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், வழியை டீக்கடையில் கேளுங்கள். மேப்பை முன்பே டவுன்லோட் செய்வதும் அவசியம், பல இடங்களில் டவர் இருக்காது.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சாவடியில் வண்டியைச் சோதித்து எடுத்துவிடுவார்கள். எவர்சில்வர் குடமும் பாட்டிலும் எடுத்துச் செல்லுங்கள்.

ஐந்து: பொருள்களும் சமையலும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 100 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஏறினால் இன்னும் இரண்டு ஆட்களைச் சுமப்பதற்குச் சமம். மேலே தண்ணீர் கிடைக்கும். கால் தொட்டியோடு ஏறி, தங்கும் இடத்தில் நிரப்புங்கள். அரிசி மூட்டை, சிலிண்டர், கிரைண்டர் மாதிரி கனமானவை தரையோடு இருக்கட்டும். மேல் அலமாரியில் துணி மட்டும். முதல் வளைவிலேயே திறந்துகொள்ளும் அலமாரிக் கதவு ஒன்றாவது இருக்கும். ஒரு சுருள் நைலான் கயிறு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலை எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். அரிசியும் பருப்பும் சாதத்தைவிட கேரவனுக்குப் பொருத்தமான சாப்பாடு கிடையாது. ஒரே குக்கர். எண்ணெய்யில் கடுகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், தக்காளி, அப்புறம் அரிசியும் துவரம்பருப்பும் தண்ணீரும் மஞ்சளும். இறக்கி நெய் விட்டால் ஆயிற்று. ஊட்டி உயரத்தில், அதாவது சுமார் 2,240 மீட்டரில், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. குக்கர் இல்லாமல் போகக் கூடாது என்பது இதனால்தான். பொட்டுக்கடலைப் பொடி, வறுத்த நிலக்கடலை, நாட்டுச்சர்க்கரை, கச்சாயம் இருந்தால் வழியில் பிள்ளைகள் பசியென்று அழ மாட்டார்கள்.

அடுப்புக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் போதும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும், சமைக்கும்போது கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். குளிருக்காக உள்ளே கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ எரியவிட்டுப் படுப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். மூடிய இடத்தில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு மணமே தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும். குளிர்கிறது என்றால் இன்னொரு கம்பளி.

கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்ய நம் ஊரில் தனி இடம் கிடையாது. தங்கும் இடத்தில் கேட்டு, செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறையில் ஊற்றித் தண்ணீர் விடுங்கள். பகலில் பங்க், ஓட்டல் கழிப்பறைகளைப் பயன்படுத்தினால் தொட்டி நாள்கணக்கில் தாங்கும். ஓடையிலோ காட்டோரத்திலோ ஊற்றாதீர்கள். ஆழியாறும் பவானியும் கீழே லட்சக்கணக்கானவர்கள் குடிக்கும் தண்ணீர். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீருக்கும் இதுதான்.

ஆறு: வளைவில் ஏறுவது, இறங்குவது

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாரைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். பெரிய வண்டி ஓட்டிப் பழக இந்தப் பாதை நல்ல இடம். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கழுத்தைத் திருப்பி மேலே பாருங்கள். அடுத்த வளைவில் இறங்கிக்கொண்டிருக்கும் பஸ்ஸின் கூரை தெரியும். தெரிந்தால் வளைவுக்குக் கீழேயே, இடப்பக்கம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. ஆனால் பஸ் திரும்ப அந்த வளைவு முழுவதும் வேண்டும், அவர் வளைவுக்குள் வந்துவிட்டபின் விதி பேசிப் பலனில்லை. யாரும் இல்லை என்றால் ஹாரன் அடித்து, முன்கூட்டியே இரண்டாம் கியருக்கோ முதல் கியருக்கோ மாற்றி, ஒரே சீராக ஏறுங்கள். வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும். நடுவில் கியர் மாற்றப் போனால் வண்டி பின்னால் சரியும்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. ஆழியார் அணை முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். சாலையோரத் தடுப்புச்சுவர்மேல் வரையாடுகள் அசையாமல் நின்றுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். நிறுத்த இடம் இருக்கிறது, இறங்கிப் பாருங்கள். எதையும் தின்னக் கொடுக்காதீர்கள்.

இறங்கும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் மேல் கால் வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. கருகிய வாடை வந்தாலோ, பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ அகலமான சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். சாலையிலேயே விட்ட கல்லில் ஏறி எத்தனையோ பைக் ஆட்கள் விழுந்திருக்கிறார்கள்.

ஏழு: காட்டு உயிர்கள்

வால்பாறையில் யானை நடமாட்டம் இருக்கும் இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு உள்ளூர் மக்களோடும் வனத்துறையோடும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. விளக்கு எரிந்தால் அருகே யானை இருக்கிறது என்று அர்த்தம். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். அவை மரத்துக்கு மரம் போகச் சாலைக்கு மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஊர்ந்துதான் போக வேண்டும். சமையல் வாடை உள்ள வண்டி என்பதால் குரங்கு ஜன்னல் வழியாகவே உள்ளே வந்துவிடும். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிடுங்கள்.

திம்பத்துக்கு மேலே ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிகளை மறித்துக் கரும்பு எடுத்துத் தின்னப் பழகிய யானைகள் இருக்கின்றன. எதிரே யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கை அணைத்து அணைத்துப் போட வேண்டாம், இறங்கவே வேண்டாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும், பின்னால் போக வழி இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். அது தானாக நகரும்வரை காத்திருங்கள். உள்ளூர் லாரிக்காரர் பின்னால் வந்து நின்றால் அவர் சொல்படி கேளுங்கள்.

எட்டு: எந்த மலை முதலில்?

சேலம், ஈரோடு பக்கம் இருப்பவர்கள் ஏற்காட்டில் தொடங்கலாம். 20 வளைவுகள்தான், ஒரு மணி நேரத்தில் மேலே. கோவை, திருப்பூர்க்காரர்களுக்கு ஆழியார் - வால்பாறை. முதல் நாள் மதியம் கிளம்பி ஆழியார் தோப்பில் இரவு, மறுநாள் காலை ஏறி வால்பாறையில் ஓர் இரவு, மூன்றாம் நாள் பகலில் இறங்கிவிடலாம். டீசலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

நீலகிரிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு பாதை. கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர் ஒன்று, கோத்தகிரி இன்னொன்று. கோடைச் சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவார்கள். மற்ற நாள்களில் கேரவனுக்குக் கோத்தகிரிப் பாதையே நல்லது, நெரிசல் குறைவு. ஊட்டிக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த இடம் தேடுவதைவிட, கோத்தகிரியில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் ஊட்டி போய்வரலாம்.

திம்பம் 27 வளைவுகள். சத்தியமங்கலத்திலோ பவானிசாகரிலோ இரவு தங்கி, காலை 8 மணிக்கு மேல் ஏறி, ஆசனூரில் முன்பதிவு செய்த விடுதி வளாகத்தில் நிறுத்துங்கள். சரக்கு லாரிகள் அதிகம் உள்ள பாதை. இரண்டு மலை ஓட்டிப் பழகிய பிறகு போங்கள். இறங்கி வந்ததும் கொடிவேரி அணையில் குளித்துவிட்டு, கோபிசெட்டிபாளையத்து நெல்வயல்களைப் பார்த்துக்கொண்டே பவானி வரை வருவது அருமையான வழி.

கொல்லிமலை கடைசி. காரவள்ளியிலிருந்து 70 வளைவுகள், சாலை குறுகல், வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே நிமிர்ந்து உட்காரக்கூட நேரம் இருக்காது. ஆகாய கங்கை அருவியும் அறப்பளீஸ்வரர் கோயிலும் பார்க்க வேண்டியவைதான். கேரவனை நாமக்கல் பக்கம் நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏறிப் போய்வருவதையே நான் சொல்வேன். முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு பாதை உண்டு. அதில் ஏற்றுவதானால் முதல் நாள் ஒரு பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கிளம்பும் முன்னும், திரும்பக் கொடுக்கும்போதும்

மலைக்குப் போகும் முன் ஓர் இரவு வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி அதிலேயே படுத்து எழுந்திருங்கள். மோட்டார் சத்தம் போடுகிறதா, பேட்டரி விடியும்வரை தாங்குகிறதா, அம்மாவுக்கு அந்தப் படி ஏற முடிகிறதா, குழந்தை மேல்படுக்கையிலிருந்து உருண்டு விழுமா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். தெரிந்த குறையை ஓனரிடம் சொல்லிச் சரிசெய்து வாங்க நேரமும் இருக்கும். கிளம்பும் அன்று காலை மாவட்டத்தின் 1077 எண்ணுக்குப் போட்டு, பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மழைக்காலத்தில் தினமும் கேளுங்கள். 108, 112 எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். தங்கும் இடத்து ஆளின் நம்பரைத் தாளிலும் எழுதி வையுங்கள், போனில் சார்ஜ் தீர்ந்தால் தேடக் கூடாது.

திரும்பக் கொடுக்கும் நாளன்று அவசரப்படாதீர்கள். மலையிலிருந்து நேராக வந்து இரவில் சாவியைக் கொடுத்தால், மறுநாள் வெளிச்சத்தில் புதுக் கீறல் ஒன்று உங்கள் கணக்கில் ஏறலாம். அடிவாரத்தில் கடைசி இரவைக் கழித்து, காலையில் கழிவுத் தொட்டியைக் காலிசெய்து, உள்ளே கூட்டித் துடைத்து, டீசலை எடுத்த அளவுக்கு நிரப்பி, பகலில் ஓனர் முன்னாலேயே எடுத்த அன்று பிடித்த வீடியோவோடு சேர்த்துப் பார்த்து ஒப்படையுங்கள். டெபாசிட் பணம் வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.